பதினாறு காலிக் கட்டங்கள்

அம்மா வாசற்படி ஏறுவதற்கு முன்பே அவள் மணிக்கட்டில் தடவியிருந்த தைலத்தின் வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் அண்ணனூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, தோளில் வயலின் பெட்டியை மாட்டிக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி, மின்சார ரயில்களை நிறுத்திப் பழுதுபார்க்கிற கார் ஷெட்டில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு ஒதுக்கியிருந்த குவார்ட்டர்ஸுக்கு அவள் நடந்து வருவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, வில் பிடித்த வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னிக்கு அதே நாலு வரி, முப்பது தபா" என்பாள், பிறகு டீ கேட்பாள்.

சினிமாப் பாட்டுப் பதிவுகளில் வரிசையாக உட்கார்ந்து வயலின் வாசிக்கிறவர்களில் அம்மாவும் ஒருத்தி. எங்கள் வீட்டில் அந்த வேலைக்குப் பெயர் "லைன்". "அம்மா எங்கே?" என்று யாராவது கேட்டால் "லைனுக்குப் போயிருக்கு" என்று சொல்வேன், கேட்டவர் அவள் ஏதோ தண்டவாளத்தில் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டு போவார். லைனில் தாளில் எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்க வேண்டும், பக்கத்தில் இருக்கிற பதினைந்து பேரின் வில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும், ஆசைப்பட்டு ஒரு சின்ன நெளிவு சேர்த்தாலும் பாட்டை நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். "தாள்ல ஈ குந்திகினு இருந்தா அதையும் சேத்து வாசிக்கிற ஜாதி நாங்க" என்று அம்மா தன்னைத் தானே கேலி செய்துகொள்வாள். அந்தக் கேலியில் எவ்வளவு நிஜம் இருந்தது என்று எனக்குத் தெரிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

அவளுக்குப் பிடித்தது வேறு. அவளுடைய தாய்மாமன் ஒருவர் மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் நடனத்துக்கு வாசிக்கிற பேண்டில் இருந்தவர். அவர் விட்டுப்போன இசைத்தட்டுகளில் ஒன்றில், ஆவடி சர்ச்சில் ஞானப்பாட்டுக்கு மட்டும் வயலின் வாசித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பெண்ணான அம்மா, ஜாஸ் வயலினை முதல் தடவை கேட்டிருக்கிறாள். "அழுவுற மாதிரி ஆரம்பிச்சிச்சி, நடுவுல சிரிச்சிட்சி, கடைசில இன்னா செஞ்சிதுன்னே தெர்ல" என்று அதைப் பற்றிச் சொல்வாள். அதற்கப்புறம் அவளை யாரும் மீட்க முடியவில்லை. லைனில் கிடைத்த வேலை வயிற்றுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஜாஸ் தனக்கு என்று கல்யாணத்தின்போதே அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். நான் "நைனா" என்று கூப்பிடும் என் அப்பா எதற்கும் மறுப்புச் சொல்கிறவர் அல்ல, இதற்கும் தலையாட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, கறிக்குழம்புச் சாப்பாடும் முடிந்து, மூன்று மணிக்கு மூன்று பேர் எங்கள் முன்னறையில் கூடுவார்கள். அம்மா ஒருத்தி. கிட்டாருக்கு அருள் மாமா. வாரம் முழுக்க மின்சார ரயில் ஓட்டுகிற மோட்டார்மேன், விரல் நகங்களை அம்மாவைவிட அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறவர். ஆள் உயரத்துக்கு நிற்கிற பெரிய வயலினான "பேஸ்" வாசிக்க சேகர் அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். அந்தப் பேஸை ஒரே ஒரு தடவை, கீரைக் கூடைகளும் பூ மூட்டைகளும் ஏறுகிற வியாபாரிகள் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவர், இறங்குவதற்குள் பட்ட பாட்டில் இனி இதைத் தூக்குவதில்லை என்று தீர்மானித்து எங்கள் வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் போனார். பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் அது எட்டு வருஷம் நின்றது. எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் அதற்குத்தான் வழி விட வேண்டும்.

தாளம் போட ஆள் கிடையாது. ஷெட்டுக்குள் போகிற வண்டி தண்டவாளம் மாறும்போது வருகிற சத்தத்தோடு அவர்கள் மூவரும் சில சமயம் சேர்ந்துகொள்வார்கள், சில சமயம் அதோடு சண்டை போடுவார்கள். அக்கம்பக்கத்தில் இதைப் பற்றிப் பலவிதமான அபிப்பிராயம் இருந்தது. வயலின் என்றால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிப்பது என்று பார்த்துப் பழகிய தெரு, நின்றுகொண்டு, காலால் தரையைத் தட்டிக்கொண்டு வாசிக்கிற பொம்பளையை எங்கே வைப்பது என்று தெரியாமல், "நின்னுகினு வாசிக்கிறவங்க ஊடு" என்று எங்கள் வீட்டுக்கு ஒரு விலாசம் கொடுத்து விஷயத்தை முடித்துவிட்டது. எதிர் வீட்டு அத்தை ஒருநாள் அப்பாவிடம், "அண்ணே, அவங்க வாசிக்கிறது எப்ப ஆரம்பிக்கும்? ரொம்ப நேரமா சுதி சேத்துகினே கீறாங்களே" என்று நிஜமான கரிசனத்தோடு கேட்டார். அப்பா, "எனுக்கும் அதாம்மா தெர்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை அவர் சுகமாகத் தூங்குவார். வாசிப்பது நின்றால்தான் முழிப்பு வரும்.

நான் அந்த வீட்டில் வளர்ந்ததால் எனக்கு அந்த இசையின் ஒழுங்கு தெரியும். முதலில் எழுதி வைத்த மெட்டு வரும். பிறகு தாளில் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். எந்தச் சுருதிக் கூட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்று மேலே ஓர் எழுத்து மட்டும் இருக்கும். அதை "காலிக் கட்டம்" என்போம். அங்கே வந்ததும் வாசிக்கிறவர் அந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும், முடித்ததும் மெட்டு திரும்ப வரும். போன வாரம் காலிக் கட்டத்தில் வாசித்ததையே யாராவது இந்த வாரமும் வாசித்துவிட்டால் மற்ற இருவரும் விடமாட்டார்கள். "இன்னா அண்ணாத்தே, பழையது ஊத்துற?" என்று அருள் மாமா வாசித்துக்கொண்டே கேட்பார், பழையது ஊத்தினவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்கு நடந்துபோய் எல்லாருக்கும் டீ வாங்கி வர வேண்டும். கேட் மூடியிருந்தால் டீ ஆறிப்போய்தான் வரும். சேகர் அண்ணன் அடிக்கடி போய் வந்தார், அருள் மாமா எப்போதாவது போனார், அம்மா போய் நான் பார்த்ததே இல்லை.

அம்மா சொந்தமாக மெட்டுகள் எழுதினாள். ரயிலில் போகும்போது, லைனில் தூக்கிப் போடும் தாள்களின் பின்பக்கத்தில், வயலின் பெட்டியை மடியில் மேசையாக வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதுவாள். வண்டி குலுங்கிய இடங்களில் புள்ளிகள் கோட்டை விட்டு ஓடியிருக்கும். அப்படி எழுதிய முப்பது நாற்பதில் அவள் பெயர் வைத்தது ஒன்றுக்குத்தான். அதன் பெயர் "ரயில்வே கேட்". கேட் மூடி, சைக்கிளும் லாரியும் வரிசை கட்டி, ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிற அலுப்பை பேஸின் மூன்றே மூன்று சுரங்களில் வைத்திருந்தாள். அதன் மேல் வயலின் பொறுமையில்லாமல் அங்குமிங்கும் எட்டிப் பார்க்கும். நடுவில் வயலினுக்குப் பதினாறு காலிக் கட்டங்கள். அதுதான் கேட் திறக்கிற இடம்.

எனக்குப் பதிமூன்று வயதானபோது, நகரத்தில் மேல்நாட்டு இசைக்கென்று மாதாமாதம் ஒரு மாலை நடத்திவந்த ஒரு மன்றத்திலிருந்து அம்மாவுக்கு அழைப்பு வந்தது. லைனில் அவளோடு வாசித்த ஒருவர் அங்கே சொல்லியிருக்கிறார். அம்மா எழுதியவற்றை மட்டும் ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும். நன்றாக அமைந்தால் அவர்களே ஊர் ஊராக அழைத்துப்போவார்கள், ஒரு கேசட் போடுகிற யோசனையும் இருக்கிறது என்றார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம், "இது மட்டும் நல்லபடியா பூட்ச்சின்னா நான் லைனை விட்டுடுவேன்" என்றாள். அப்பா மோர் ஊற்றிக்கொண்டே, "விட்டுடு" என்றார். அவள் முகத்தை அவ்வளவு சின்ன வயசாக நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்க்கவில்லை.

ஆனால் அந்த மாதம் பார்த்து லைனில் வேலை குவிந்தது. காலையில் ஒரு இடம், மத்தியானம் வேறு இடம். மணிக்கட்டு வீங்கி, பென்சில் பிடிக்க முடியாமல் போனது. மேடையில் வைக்க மூன்று பேருக்கும் சுத்தமாகப் படி எடுத்த தாள்கள் வேண்டும்; பார்த்துப் பார்த்தே மேல்நாட்டு இசையின் ஐந்து கோட்டு எழுத்து எனக்குப் பழகியிருந்ததாலும், என் கையெழுத்து அச்சு மாதிரி இருந்ததாலும், எழுதும் வேலை என்னிடம் வந்தது. பள்ளி விட்டு வந்ததும் பாவாடையைக்கூட மாற்றாமல் கறுப்பு மையும் ஸ்கேலுமாக உட்கார்ந்துவிடுவேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கடைசியாக "ரயில்வே கேட்" வயலின் தாளில் அந்தப் பதினாறு கட்டங்களுக்கு வந்து நின்றேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருள் மாமா புதிதாக வாங்கிய டேப் ரிக்கார்டரை எங்கள் ஜன்னலில் வைத்து அன்றைய வாசிப்பைப் பதிந்தார். அன்று அம்மா அந்தப் பதினாறு கட்டங்களில் வாசித்தது போல் யாரும் எங்கேயும் வாசித்திருக்க மாட்டார்கள் என்று இன்றும் நம்புகிறேன். கேட் திறந்ததும் வண்டிகளெல்லாம் பாய்ந்து ஓடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவள் யாரையும் ஓட விடவில்லை. ஒரே ஒரு சைக்கிள்காரனை மட்டும் மெதுவாக, ஒரு காலை ஊன்றி ஊன்றி, தண்டவாளத்தைத் தாண்ட வைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். சேகர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எஸ்தரக்கா, போதும்க்கா, இன்னிக்கு இதுக்கு மேல வாணாம்" என்றார்.

எனக்குள் ஒரு பயம் வந்தது. மேடையில் அவள் இதை வாசிக்கமாட்டாளே, வேறு எதையோ வாசிப்பாளே, வருகிறவர்கள் இதைக் கேட்காமலே போய்விடுவார்களே என்று. எனக்கு எதையும் தொலைக்கப் பிடிக்காது. இன்று அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மற்றவர்களின் கோப்புகளுக்கு நகல் எடுத்துப் பத்திரப்படுத்துகிற வேலையில் சம்பளம் வாங்குகிறேன் என்றால் அந்தப் புத்திதான் காரணம். டேப்பை அருள் மாமாவிடம் இரவல் வாங்கி, ஒரு வாரம், ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, சர்ச் ஹார்மோனியத்தில் சுரம் தேடிப் பார்த்து, அந்தப் பதினாறு கட்டங்களையும் நிரப்பினேன். கறுப்பு மையில், மற்ற கட்டங்களிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியாதபடி எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மேடையில் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய அசடு என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஒத்திகையெல்லாம் அவள் தன் பழைய பென்சில் தாள்களை வைத்தே பார்த்ததால், என் தாள்கள் மேடை வரை உறையைவிட்டு வெளியே வரவில்லை.

மன்றத்தின் கூடத்தில் நூறு நாற்காலிகளுக்கும் ஆள் இருந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் விறைப்பாக, தூங்கிவிடக் கூடாது என்ற வைராக்கியத்தோடு உட்கார்ந்திருந்தார். அம்மா காலையில் லைனுக்குப் போய்விட்டு நேராக அங்கே வந்திருந்தாள். மெட்டுகள் நன்றாகத்தான் போயின. கடைசியில் "ரயில்வே கேட்" வந்தது. பேஸின் மூன்று சுரங்கள், வயலினின் எட்டிப் பார்ப்பு, எல்லாம் சரி. பதினாறு கட்டங்கள் வந்தன. அம்மா வழக்கமாக அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வாள். அன்று மூடிய கண்ணை உடனே திறந்துவிட்டாள். தாளைப் பார்த்தாள். நான் எழுதியதை, முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை, நான் தவறாக அளந்து எழுதியிருந்த ஒரு நீளமான சுரத்தையும் சேர்த்து, எழுதியபடியே வாசித்தாள்.

அருள் மாமா நிமிர்ந்து பார்த்தார். சேகர் அண்ணனின் விரல் ஒரு கணம் நின்று மறுபடியும் ஓடியது. டீ வாங்கப் போகச் சொல்லி யாரும் கேலி செய்யவில்லை. கூடத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் கை தட்டினார்கள், நடத்துகிறவர் மேடைக்கே வந்து அடுத்து கோயமுத்தூர், பெங்களூர் என்றெல்லாம் பேசினார். அம்மா வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபடி, "பாக்கலாம் சார்" என்றாள். திரும்பி வரும்போது ரயிலில் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள், திட்டவில்லை. அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கை வலி என்றாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னாள். மன்றத்துக்காரர்கள் இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து சேகர் அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்து பேஸைத் தூக்கிக்கொண்டு போனார். பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் சுவரில் அதன் உயரத்துக்கு ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது. அம்மா லைனிலேயே இருந்தாள், கீபோர்டு வந்து லைனே கலைந்துபோகிற வரை, இன்னும் பதினைந்து வருஷம். சொந்தமாக ஒரு மெட்டுக்கூட எழுதவில்லை. அவளுக்கு உயிராக இருந்த ஒன்றை மை தொட்டு நான் கொன்றுவிட்டேன் என்ற நினைப்பு என்னோடு சேர்ந்து வளர்ந்தது. என் கல்யாணத்தன்று, பிள்ளை பிறந்த அன்று, அவள் சிரித்த போதெல்லாம் அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது அம்மா என்னோடு முகப்பேரில், இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறாள். அப்பா போய்ப் பத்து வருஷம். அருள் மாமாவும் இல்லை. அந்த டேப்பில் அவர் தன் மகளின் பள்ளி நாடகத்தைப் பதிந்துவிட்டதாக அவர் மனைவி சொன்னார். சேகர் அண்ணன் நூம்பலில் மகன் கட்டிய வீட்டில் இருக்கிறார், காது கேட்பதில்லை. அண்ணனூர்ப் பக்கம் போனால் குவார்ட்டர்ஸ் இருந்த வரிசையை என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. அம்மாவின் விரல்கள் மடங்கிப்போய் டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒருநாள் மத்தியானம், சர்ச் பாடகர் குழுவில் ஒரு பெண்ணுக்கு வயலினைக் கொடுத்துவிடலாம் என்று அம்மாவே சொன்னதால் பெட்டியைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வில் வைக்கிற இடத்துக்கு அடியில், நான்காக மடித்து, என் கையெழுத்துத் தாள் இருந்தது. கறுப்பு மை பழுப்பாகியிருந்தது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, "என்னாலதானேம்மா நீ விட்டுட்டே? நான் எழுதாம இருந்திருக்கணும்" என்று சொல்லி, ஐம்பதை நெருங்குகிற வயதில், தேம்பித் தேம்பி அழுதேன்.

அம்மாவுக்கு முதலில் நான் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. தாளை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தாள். "அடிப் பாவி, இத்தினி வருசமா இத்தயா மனசுல வெச்சிகினு இருந்தே?" என்றாள். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். பிறகு, கடையில் பருப்பு என்ன விலை என்று சொல்கிற குரலில் சொன்னாள்:

"அன்னிக்கு நீ எய்தி வெச்சதுனால ஒன்னும் இல்ல கண்ணு. கண்ண மூடிகினுதான் ஆரம்பிக்கலாம்னு பாத்தேன். உள்ள ஒன்னுமே இல்ல. காலைல லைன்ல வாசிச்ச நாலு வரிதான் ஓடிகினு கீது. பயந்துபோயி கண்ணத் தொறந்தா, நீ எய்தி வெச்சிருக்கே. அப்பாடான்னு இருந்துச்சி. படிச்சி வாசிக்கிறதுலருந்து தப்பிக்கத்தானே அத்தினி வருசம் ஞாயித்துக்கெழம நின்னுகினு வாசிச்சேன்? அங்கியும் எய்தி வெச்சதப் பாத்து அப்பாடான்னு ஆயிட்சின்னா, அதுக்கு மேல இன்னாத்துக்கு வாசிக்கிறது? நீ மட்டும் எய்தலன்னா நூறு பேருக்கு முன்னால முய்ச்சிகினு நின்னுருப்பேன். நீதான் என்ன காப்பாத்துனே."

சொல்லிவிட்டு டீ போடச் சொன்னாள். சமையலறையில் பால் காயக் காத்திருந்தபோது, முப்பது வருஷத்துக்கு மேல் சுமந்த பழி இறங்கிவிட்டதே, நிம்மதியாக இருக்க வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நிம்மதி வரவில்லை. அது என் தப்பாகவே இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. அப்படியென்றால், அந்த மேடையில் அம்மாவுக்குள் வேறு ஏதோ ஒன்று வாசிக்கக் காத்துக்கொண்டிருந்தது, நான்தான் அதை மறித்துவிட்டேன் என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.